பென்ஷன் தாளில் இருக்கிற மச்சம் கன்னத்தில் இல்லையே?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி), 03.06.2024
அப்பாவுக்கு 69 வயது. 1972ஆம் வருட எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் பென்ஷன் தாளிலும் முதல் அடையாளம் "வலது கன்னத்தில் ஒரு கருப்பு மச்சம்". போன வாரம் ஓர் அலுவலகத்தில் தாளைச் சரிபார்த்தவர் அப்பா முகத்தையே பார்த்துவிட்டு, "மச்சம் எங்கே பெரியவரே?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. வீட்டுக்கு வந்து நாங்களும் தேடினோம். காணோம். மச்சம் மறையுமா? இல்லை, அந்தக் காலத்தில் தப்பாக எழுதிவிட்டார்களா?

03.06.2024, இரவு
மறையும் தம்பி. அப்பாவைச் சந்தேகப்படவே வேண்டாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் 1986 முதல் 2019 வரை அட்மிஷன் ரிஜிஸ்டரும் டிசியும் எழுதினவள் நான். "அங்க அடையாளம்" என்கிற அந்த ஒரு கட்டத்துக்காக எத்தனை பிள்ளைகளின் கன்னத்தையும் கழுத்தையும் முழங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மச்சத்துக்கும் வயசு உண்டு. சின்ன வயதில் வரும், நடு வயதில் மேடாகும், அப்புறம் வெளுத்துத் தேய்ந்து போகும். எண்பது வயதுக்காரர் உடம்பில் பழைய மச்சத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐம்பதுக்கு மேல் புதிதாக வருவதும் இல்லை.

04.06.2024
நேற்று ஒன்று விட்டுப் போச்சு. ஒன்றாம் வகுப்பில் சேர வருகிற குழந்தையிடம் இரண்டு மச்சம் தேடி எடுப்பது பெரும்பாடு. முகத்தைப் பார்ப்பேன், காதை மடக்கிப் பார்ப்பேன், கையைத் திருப்பிப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. கடைசியில் "இடது முழங்காலில் ஒரு தழும்பு" என்று எழுதி விடுவேன். அதே பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியலான நாமினல் ரோலுக்கு வந்து நிற்கும்போது கழுத்தில் ஒன்று, புறங்கையில் ஒன்று, மூக்கோரம் ஒன்று என்று எதை எழுதுவது என்றே யோசிக்க வேண்டியிருக்கும். அந்தப் பத்து வருஷத்தில் வந்தவை அவை.

ஆரம்பத்தில் இதில் எனக்கும் குழப்பம். ஒன்றாம் வகுப்பில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பில் வேறு மாதிரி எழுதியிருந்தால் யார் மேல் தப்பு என்று தலைமையாசிரியர் கேட்பார். யார் மேலும் தப்பில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. மச்சங்கள் பெரும்பாலும் முதல் இருபது, முப்பது வருஷத்தில் வருகின்றன. முப்பதுகளில்தான் எண்ணிக்கை உச்சம். அதன் பிறகு இறங்குமுகம்.

05.06.2024
மச்ச பலன் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பாட்டி அதை ஒப்பிப்பார். உதட்டு மேலே இருந்தால் இன்னது, முதுகில் இருந்தால் இன்னது, நாக்கில் இருந்தால் கருநாக்கு, சொன்னது பலிக்கும். நல்லது நடந்தவனை மச்சக்காரன் என்றுதானே இன்றைக்கும் சொல்கிறோம். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் "பிறவி மச்சம், பிரம்மன் வைத்த புள்ளி" என்று சொல்கிற இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. பிறக்கும்போதே மச்சத்தோடு வருகிற குழந்தை ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான். உங்கள் கன்னத்து மச்சம் நீங்கள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வந்திருக்கலாம். தொட்டில் காலத்துப் போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

நாக்கில் கருப்புப் புள்ளிகள் நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களுக்குச் சாதாரணமாக வருவது. அந்தக் கரும்புள்ளியால் ஒரு கெடுதலும் இல்லை. கருநாக்கு என்று சொல்லிச் சொல்லியே ஒரு பெண்ணைக் கல்யாண வீடுகளில் பின்வரிசையில் உட்கார வைத்ததைப் பார்த்தவள் நான். அது எனக்கு ஆறவே இல்லை.

06.06.2024
பிறந்த குழந்தையின் இடுப்புக்குக் கீழே நீலமும் சாம்பலுமாகத் திட்டு இருக்கிறது, ஆயா அடித்தார்களோ என்று பயமாக இருக்கிறது என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். அம்மா, அது அடி இல்லை. நிறம் தருகிற செல்கள் தோலின் ஆழத்தில் தங்கிவிட்டதால் தெரிகிற நீலம். ஆசியக் குழந்தைகளுக்கு நிறைய இருக்கும். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதுக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். அதை அடையாளமாக எங்கும் எழுதிவிடாதீர்கள்.

08.06.2024
எப்படி மறைகிறது என்று கேட்டதற்கு, நான் படித்துத் தெரிந்துகொண்டதை என் முகத்தை வைத்தே சொல்கிறேன்.

தோலுக்கு நிறம் தருகிற செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அது மச்சம். முதலில் அந்தக் கூட்டம் மேல்தோலின் அடிவரிசையில் உட்காருகிறது. அப்போது தட்டையாக, பேனா முனையை அழுத்தி எடுத்த மாதிரி கருப்பாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுடையது எல்லாம் இந்த ஜாதி. எத்தனையோ முறை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துத்தான் மையா மச்சமா என்று முடிவு செய்திருக்கிறேன். வருஷம் ஆக ஆக செல்கள் உள்ளே இறங்குகின்றன. பாதி மேலே பாதி கீழே இருக்கும்போது மச்சம் கொஞ்சம் உப்பும். முழுக்க உள்ளே போய்விட்டால் மேலே நிறம் தெரியாது, மெத்தென்று ஒரு மேடு மட்டும் நிற்கும். அதில் இரண்டு முடி வேறு முளைக்கும். முடி முளைத்த மச்சம் என்றால் பலருக்குப் பயம். அது பெரும்பாலும் சாதுவான மச்சம்தான்.

என் தாடையில் இருப்பது டிசியில் "கருப்பு மச்சம்". முப்பத்தைந்தில் அது துவரம்பருப்பு மாதிரி மேடாகிப் பழுப்பானது. இப்போது 63 வயதில் பவுடர் போட்டால் தெரிவதே இல்லை, விரலுக்குத்தான் தெரிகிறது.

இன்னொன்றும் படித்தேன். மச்சத்தின் செல்கள் கொஞ்ச காலம் பெருகி, பிறகு தாமாகவே பெருகுவதை நிறுத்திவிடுகின்றனவாம். அதனால்தான் கடுகளவு மச்சம் கடுகாகவே, மிளகளவு மச்சம் மிளகாகவே காலம் தள்ளுகிறது.

08.06.2024, மாலை
ஒரு திருத்தம். முதல் நாள் "ஐம்பதுக்கு மேல் புதிதாக வருவதில்லை" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு மஞ்சக்குப்பத்தில் இருக்கிற என் சித்தி போன் செய்து, "என் கன்னத்தில் மிளகைத் தெளித்த மாதிரி வந்திருக்கே, இதெல்லாம் என்ன?" என்று கேட்டார். சரியான கேள்வி. வீட்டில் எல்லாவற்றையும் மச்சம் என்றோ மரு என்றோ சொல்லிவிடுகிறோம். தோல் மருத்துவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள்.

சித்தி கன்னத்தில் இருப்பது மேல்தோல் தடித்து வருகிற கருப்புப் பொரி. 1925இல் காஸ்டெல்லானி என்ற மருத்துவர் அதை விவரித்து "டெர்மடோசிஸ் பாப்புலோசா நைக்ரா" என்று பேர் வைத்தார். கருத்த, மாநிறத் தோலுக்கு வருவது, பெண்களுக்கு அதிகம், குடும்பத்தோடு வருவது. என் பாட்டிக்கு இருந்தது, சித்திக்கு இருக்கிறது, எனக்குக் கண்ணோரம் ஆரம்பித்திருக்கிறது. வயது ஏற ஏற இவை கூடும். முதுகிலும் மார்பிலும் வயதானவர்களுக்கு ஒட்டவைத்த மெழுகுத் துண்டு மாதிரி வருவதும், வயிற்றில் குங்குமப் புள்ளி மாதிரி சிவப்பாக வருவதும் இப்படித்தான், நிறச்செல் மச்சத்தோடு சேராது.

ஆக என் வாக்கியம் இப்படி இருக்க வேண்டும்: ஐம்பதுக்கு மேல் முகத்தில் நிறைய வரும், அவற்றில் உண்மையான மச்சம் அபூர்வம். அந்த வயதில் புதிதாக ஒரு கருப்பு மச்சம் வந்தால் ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

10.06.2024
பாலுண்ணிக்குக் குதிரைமுடி கட்டலாமா, மருவுக்குச் சுண்ணாம்பும் சோடாவும் வைக்கலாமா என்று கேள்விகள்.

கழுத்திலும் அக்குளிலும் தொங்குகிற பாலுண்ணி வேறு சமாச்சாரம். உடம்பு போட்டவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். நிறைய வந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். மரு என்பது கிருமியால் வருவது, ஒட்டிக்கொள்வது. எனக்கு ஏழு வயதில் விரலில் மரு வந்தபோது அம்மா திருவந்திபுரம் கூட்டிப் போனார். சேஷ தீர்த்தத்தில் உப்பும் மிளகும் வெல்லமும் போட்டுவிட்டு, கெடிலம் ஓரம் புளியோதரை சாப்பிட்டுவிட்டு வந்தோம். சில மாதத்தில் மரு உதிர்ந்தது. பிள்ளைகளுக்கு வரும் மரு பல சமயம் ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே போகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் என் மகனுக்கு வந்தபோது நானும் அங்கேதான் போனேன். வேண்டுதல் தோலைச் சுடுவதில்லை.

சுண்ணாம்பு சுடும். எங்கள் தெருவில் ஒருவர் கழுத்து மச்சத்தில் சுண்ணாம்பும் துணி சோடாவும் குழைத்து வைத்தார். மச்சம் போனது, அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு நின்றது. அதைவிட என்னை உறுத்துவது வேறு. எரித்துவிட்டால் பரிசோதனைக்கு அனுப்ப ஒரு துண்டும் மிஞ்சாது. அது நல்லதா கெட்டதா என்று யாராலும் பிறகு சொல்ல முடியாது. லேசர் வைத்துப் பொசுக்குகிற அழகு நிலையத்துக்கும் இதே வார்த்தை.

13.06.2024
உடம்பில் இடத்துக்கு இடம் மச்சம் ஏன் மாறுகிறது என்று கேட்டவருக்கு.

முகத்தில், தலையில் இருப்பவை சீக்கிரம் மேடாகும். உள்ளங்கை, உள்ளங்காலில் இருப்பவை பெரும்பாலும் கடைசி வரை தட்டைதான். அங்கே முடிக்கால் கிடையாது, ஆகவே முடியும் முளைக்காது. வெள்ளைக்காரர்களுக்கு உடம்பு முழுக்கப் பத்து முதல் நாற்பது மச்சம் வரை சாதாரணம், வெயில் பட்ட சிறுவயது கூடக் கூட எண்ணிக்கையும் கூடும். நமக்கு மொத்தத்தில் குறைவு. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வருவது நமக்குத்தான் அதிகம்.

என் இடது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே ஒன்று இருக்கிறது. பேரனுடைய பூதக்கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இன்று காலை பார்த்தேன். ரேகை என்பது வரப்பும் பள்ளமுமாக ஓடுகிறதல்லவா, மச்சத்தின் நிறம் பள்ளத்தில் மட்டும் மெல்லிய கோடு கோடாக, கொம்புத் தேன் நிறத்தில் ஓடுகிறது. வரப்புகள் சுத்தமாக இருக்கின்றன. கைநாட்டு வைக்கும்போது மை வரப்பில் ஒட்டும், பள்ளம் வெள்ளையாக விழும். நல்ல மச்சம் அதற்கு நேர்மாறு. நிறம் வரப்பின் மேல் ஏறி ஓடினால் தோல் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். இதைப் பார்க்க அவர்களிடம் விளக்கு வைத்த தனிக் கண்ணாடி இருக்கிறது. பேரன் கண்ணாடியை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நான் பார்த்தது ஆசைக்கு.

13.06.2024, இரவு 11 மணிக்கு மேல்
மேலே உள்ளதை எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. என் நாத்தனார் கதையைச் சொல்லாமல் உள்ளங்காலைப் பற்றி எழுதியது அரைகுறை.

குதிகாலில் கருப்பாக ஒன்று வந்தது. நடந்தால் வலிக்கவில்லை. கால் ஆணி என்றார்கள், ஒரு கிளினிக்கிலும் அதையே சொன்னார்கள். மருந்துக்கடையில் கால் ஆணி பிளாஸ்திரி வாங்கி எட்டு மாதம் ஒட்டினார். வட்டமாக இருந்தது ஒரு பக்கம் மட்டும் கோணிக்கொண்டு ஓடியது, நடுவில் கருப்பு, ஓரத்தில் பழுப்பு, ஒரு மூலையில் நீலம். அப்புறம் கசிய ஆரம்பித்தது. செருப்பு கடித்துவிட்டது என்று நினைத்தார். கடைசியில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதித்தபோது மெலனோமா என்று வந்தது. நிறச்செல்லில் வருகிற புற்றுநோய். குதிகாலின் ஒரு பகுதியையும் தொடை இடுக்கு நெறிகளையும் எடுத்தார்கள். ஆறு வருஷம் ஆகிறது, இருக்கிறார், உயரம் வைத்த செருப்புப் போட்டு நடக்கிறார்.

நம் நாட்டில் மெலனோமா அபூர்வம். ஆனால் வந்தால் அதற்குப் பிடித்த இடம் பாதம். நான் அத்தனை பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவள். ஒரே வீட்டில் வாழ்ந்த நாத்தனாரின் பாதத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. பெரியவர்கள் காலைப் பார்க்கிற ஒரே நேரம் நாம் விழுந்து கும்பிடும்போதுதான், அப்போதும் மேற்புறம்தான் தெரிகிறது.

15.06.2024
நகத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பல விரல்களில் நீளவாக்கில் கருங்கோடு இருப்பது மாநிறத்தாருக்குச் சகஜம். ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகத்தைத் தாண்டித் தோலிலும் கருப்பு இறங்கினால் தள்ளிப்போடக் கூடாது. பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977இல் கண்டுபிடித்தது இந்த வகைதான். பந்து விளையாடியபோது பட்ட காயம் என்று முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்தார்.

தேவனாம்பட்டினத்தில் மணலில் வெறுங்காலோடு வலை இழுக்கிறவர்களுக்கு இதைச் சொன்னேன். காலில் அடிபடாத நாளே இல்லையே அக்கா என்றார்கள். நியாயம். அடிபட்ட கருப்பு நகத்தோடு சேர்ந்து வளர்ந்து சில மாதத்தில் முன்னுக்கு நகர்ந்துவிடும். நகராமல் அங்கேயே இருந்தால் காட்டுங்கள் என்றேன். ஒருவர் உடனே மணலில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

16.06.2024
பயமுறுத்திவிட்டேனோ என்று இருக்கிறது. மாற்றம் என்றாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து வயதுப் பையன் தோளில் உள்ளங்கை அளவு பழுப்புத் திட்டு வந்து அதில் முடியும் வளர்ந்தது, அம்மா அழுதுகொண்டே வந்தார். வாலிபத்தில் ஆண்பிள்ளைகளுக்கு வருகிற பெக்கர் மச்சம் அது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு முதுகு மச்சத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்தது. உடம்பின் காவல் செல்களே மச்சத்தைத் தின்கிறபோது அப்படி விழும். மச்சம் கரைந்து, சில வருஷத்தில் தோலும் நிறத்துக்கு வந்தது. வேறு இடங்களில் வெண்புள்ளி இருக்கிறதா என்று மட்டும் டாக்டர் பார்த்தார்.

டாக்டரிடம் போக வேண்டியவை என்று நான் மனதில் வைத்திருப்பது: இரு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், கிழிந்த மாதிரி ஓரம், ஒரே மச்சத்தில் பல நிறம், பென்சில் பின்பக்க ரப்பரைவிட, அதாவது 6 மில்லிமீட்டரைவிடப் பெரியது, வாரங்களிலும் மாதங்களிலும் தெரிகிற வளர்ச்சி. கசிவும் ரத்தமும் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

19.06.2024
முத்தியால்பேட்டைத் தம்பி போன் செய்தார். கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. மறைந்துவிட்டது என்று நான் சொன்னதும் சரியில்லை.

அப்பாவை முடி வெட்டக் கூட்டிப் போயிருக்கிறார். முப்பது வருஷமாக அதே கடை. கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தாராம். "மச்சம் எங்கே போகும்? அந்த இடம் வந்தா கத்தியைத் தூக்கித்தான் எடுப்பேன், இல்லாட்டி ரத்தம் வந்துடும்." நரைத்த தாடிக்கு நடுவில், காது மடலுக்கு இரண்டு விரல் கீழே, அவர் விரலை வைத்துக் காட்டினார். தம்பியும் தொட்டுப் பார்த்தார். அரிசி அளவில் மெத்தென்ற மேடு. கருப்பு முழுக்கப் போய்த் தோல் நிறத்தில் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் கண்ணால் மட்டும் தேடியிருக்கிறார்கள்.

20.06.2024
தாளில் என்ன எழுதித் தருவது என்று தம்பி கேட்டார். டாக்டர் கடிதத்தோடு கொடுக்கச் சொல்லி, நான் எழுதி அனுப்பியது இது: "வலது கன்னத்தில், காது மடலுக்கு இரண்டு விரற்கடை கீழே, முன்பு கருப்பாக இருந்து தற்போது தோல் நிறமாகியுள்ள சிறு மேடான மச்சம்." கட்டம் சின்னது என்றார். பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன்.